நிழலைத் தின்னும் கண்ணாடி: கமரா பில்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் தாமரையும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் (பிம்பமும்) சேர்ந்து வருகிற மாதிரிப் படம் எடுக்க ஆசை. கமராக் கடையில் சொன்னபோது, "தண்ணீர்ப் படத்துக்கு இது இல்லாமல் சரிவராது" என்று லென்ஸின் முன்னால் பூட்டும் ஒரு சி.பி.எல். (சர்க்குலர் போலரைசர்) பில்டர் கண்ணாடியைத் தந்தார்கள். பூட்டி எடுத்தால் தண்ணீர் கறுப்பாகக் கிடக்கிறது, நிழலைக் காணவே இல்லை. பில்டர் பழுதா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: பழுதில்லை தம்பி. அது தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறது. நிழலை அழிப்பதுதான் அந்தக் கண்ணாடியின் தொழிலே.

தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்ந்துகொண்டு வரும். போலரைசர் என்கிற இந்தக் கண்ணாடி அந்தத் திசை ஒளியை மறித்துவிடும். தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 பாகை சரிவில் பார்க்கும்போது இந்த மறிப்பு உச்சத்தில் இருக்கும். கரையில் நின்றபடி ஏழடி தள்ளியிருக்கும் பூவைப் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கோணம்தான். நீங்களும் அப்படித்தான் நின்று எடுத்திருப்பீர்கள்.

பில்டரின் முன்வளையம் சுழலும். பூட்டிய பிறகு அதைச் சுற்றிப் பார்த்தீர்களா? கால் வட்டம் திருப்பினால் போன நிழல் திரும்பி வரும். ஆனாலும் கண்ணாடி வழியாக வரும் ஒளி பாதிக்கும் கீழே குறைந்துவிடும். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் அது பெரிய நட்டம். ஷட்டர் மெதுவாகும், அதாவது கூடுதல் நேரம் திறந்திருக்கும்; பூ லேசாக ஆடினாலே படம் கலங்கிவிடும். நிழல்தான் வேண்டுமென்றால் பில்டரைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

கழற்றியதை விற்றுவிடவும் வேண்டாம். பத்து மணி வெயிலில் தாமரை இலை வெள்ளைத் தகரம் மாதிரி மினுங்கும், பச்சையே தெரியாது. அப்போது இதைப் பூட்டிச் சுற்றினால் இலையின் நிறம் வந்துவிடும். அல்லித் தண்டு தண்ணீருக்கடியில் வளைந்து போவதைக் காட்டவும் இதுதான் வேண்டும்.

நிழலுக்குத் தேவையான மற்றதெல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. தாழக் குனிந்து எடுங்கள். கமரா தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டப் போகப் போகத் தண்ணீர் முகம் பார்க்கும் கண்ணாடியாகும். நேர் மேலே நின்று பார்த்தால் தண்ணீர் திருப்பி அனுப்பும் ஒளி நூற்றில் இரண்டு பங்குதான். அப்புறம் காற்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் குளம் அமைதியாகக் கிடைப்பது அதிகாலையில்தான். மாரி முடிந்து குளங்கள் நிரம்பி நிற்கும் மாசி, பங்குனி இன்னும் வசதி. தாமரை சூரியனோடு விரியும். இரவில் பூக்கும் அல்லியோ வெயில் ஏற மூடிக்கொள்ளும். இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமானால் விடிந்தவுடன் போய்விட வேண்டும்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. பூவுக்குப் பின்னால் கரையில் நிற்கும் தென்னையின் நிழல் தண்ணீர் மேல் இருப்பதுபோலத் தெரிந்தாலும், கமராவுக்கு அது அந்தத் தென்னை நிற்கும் தூரத்தில்தான் இருக்கிறது. பூவுக்குக் குவித்தால் தென்னை நிழல் மங்கும். லென்ஸின் துவாரத்தை (ஒளி புகும் வாயை) எஃப் 8 அல்லது 11-க்குச் சுருக்கினால் இரண்டும் ஓரளவு தெளியும்.

குளத்துக்குள் இறங்கி எடுக்க நினைக்காதீர்கள். நம் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: நானும் சி.பி.எல். என்று சொல்லித்தான் வாங்கினேன். எவ்வளவு சுற்றினாலும் ஒரு மாற்றமும் இல்லை. கடைக்காரர் "விற்ற சாமான் திருப்பி எடுக்கமாட்டோம்" என்கிறார். (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: முதல் கேள்வியில் கடைக்காரர் சொன்ன ஆலோசனைதான் பிழை, சாமான் சரியானது. உங்கள் கதை வேறு. கையில் இருப்பது வெறும் கருங்கண்ணாடியாக இருக்கலாம். அதைக் கடையிலேயே, அவருடைய கல்குலேட்டரை வைத்தே காட்டிவிடலாம்.

கல்குலேட்டரில் ஏதாவது ஓர் இலக்கத்தைத் தட்டுங்கள். லென்ஸில் திருகிப் பூட்டும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கட்டும். அதன் வழியாகத் திரையைப் பார்த்தபடி பில்டரைச் சுற்றுங்கள். ஓரிடத்தில் திரை முழுக்க இருண்டு இலக்கம் மறைய வேண்டும். இருளவே இல்லையென்றால் அது போலரைசரே அல்ல. இருண்டால், பில்டரை மறுபக்கம் திருப்பிப் பிடித்து மீண்டும் சுற்றுங்கள். இப்போது திரை இருளாமல் நிறம் மட்டும் கொஞ்சம் மாறினால் அது சர்க்குலர் வகை, அதாவது சொன்னபடியே சி.பி.எல். இரண்டு பக்கமும் இருண்டால் லீனியர் வகை. உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் தானியங்கிக் குவியமும் ஒளி அளவீடும் அதனால் குழம்பலாம். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமரா வைத்திருப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பற்றுச்சீட்டில் 'சி.பி.எல்.' என்று எழுதியிருக்கிறதா? வெறுமனே 'பில்டர் 1' என்று இருந்தால் உங்கள் கை கொஞ்சம் தாழ்வுதான். ஆனாலும் விட்டுவிட வேண்டாம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துக்குள் வருகிற விஷயம். முதலில் கல்குலேட்டரை வைத்து மரியாதையாகக் காட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். நாள் கடத்த வேண்டாம்.

கேள்வி: என் லென்ஸில் 18-55 என்று இருக்கிறது. 55 மி.மீ. பில்டர் வாங்கலாமா? (கல்லாறு வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். அது குவியத் தூரம், லென்ஸ் எவ்வளவு கிட்ட இழுத்துக் காட்டும் என்பதைச் சொல்லும் எண். வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் பில்டர் அளவு. லென்ஸ் மூடியின் உட்பக்கத்திலும் பெரும்பாலும் போட்டிருக்கும். கெனன் டி.எஸ்.எல்.ஆரோடு வரும் 18-55 என்றால் 58. பிறகு பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் பெரிய பில்டரையும், அதைச் சிறிய லென்ஸில் பூட்ட உதவும் ஒரு ஸ்டெப்-அப் வளையத்தையும் வாங்குங்கள். வளையம் மலிவு.

கேள்வி: பாவித்த லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (காரைதீவு வாசகர்)

பதில்: பூஞ்சணம். நான் பட்டுத் தெளிந்தது இது. ஒருமுறை பின்னேரம், கடை டியூப் லைட்டில் பார்த்து ஒரு லென்ஸ் வாங்கினேன். பளிங்கு மாதிரி இருந்தது. மறுநாள் காலை குளக்கரையில் சூரியனை எதிரே வைத்து எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளிறி வந்தன. வீட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே, விளிம்பிலிருந்து நடு நோக்கிச் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள், கிளை விட்டுக் கிளை விட்டு. துடைக்க முடியாத இடத்தில் இருந்தன.

ஆகவே டோர்ச்சைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்தால் சரிவாக வெளிச்சம் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. இழை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் சரி. வாங்கிய பிறகு தோல் பையில் வைக்காதீர்கள். வாவிக் காற்றின் ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கேள்வி: என்னிடம் போன் மட்டும்தான். நான் என்ன வாங்க வேண்டும்? (ஆரையம்பதி வாசகி)

பதில்: ஒன்றும் வேண்டாம் தங்கச்சி. படித்துறையில் குந்தியிருந்து போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் கீழே வந்து தண்ணீரிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்கும். பூவில் தட்டிக் குவித்துவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கைப்பட்டியைக் கையில் சுற்றிக்கொள்ள மறக்காதீர்கள், படித்துறைப் பாசி யாருக்கும் இரக்கம் காட்டாது.