சுத்தியல் எந்தக் கடையில் வாங்கியது? குற்றப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்குப் பதினெட்டு வருடமாகக் கதை வசனம் திருத்துகிறேன். அதற்கு முன் போலிஸில் கட்டாயத் தேசிய சேவை. குற்றப் படங்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அண்ணே, இங்கே எடுக்கிற நாடகத்திலேயே நீதிபதி சுத்தியலைத் தட்டி "ஆர்டர், ஆர்டர்" என்கிறார். உண்மையிலேயே உண்டா?

கிடையாது. அது அமெரிக்கப் படங்களிலிருந்து தொற்றியது. இங்கே ஜூரியும் இல்லை, 1969லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. நானே ஒருமுறை அந்தச் சுத்தியலைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஒளிபரப்பான இரவே, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் என் மைத்துனியிடமிருந்து போன். "அத்தான், அந்தச் சுத்தியல் எந்தக் கடையில வாங்கினீங்க? எங்க கோர்ட்டுக்கும் ஒண்ணு வேணும்."

தெம்பனிஸ் வாசகி: லாக்கப்பில் அடித்து வாக்குமூலம் வாங்கியதும் கேஸ் முடிந்துவிடுகிறதே சார், சட்டம் அப்படியா?

இந்தியாவில் அப்படி இல்லை. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, போலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகும் அந்த விதி தொடர்கிறது. பிறகு எதற்கு அடிக்கிறார்கள்? பழைய சட்டத்தின் 27ஆம் பிரிவில் இருந்த ஒரு சின்னக் கதவு புதுச் சட்டத்திலும் திறந்தே இருக்கிறது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பேச்சு மட்டும் செல்லும். அதனால்தான் கைதியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கத்தியை எடுக்க வைக்கிறார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், பொருள் கிடைத்ததைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவான மகஜரைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். நாடகம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் அதை விட்டுவிட்டுப் பெல்ட்டைத்தான் காட்டுவார்கள்.

சிங்கப்பூரில் கதை வேறு. சார்ஜெண்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் வழக்கில் செல்லும். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கினார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால், அதை மட்டும் தனியாக விசாரிப்பார்கள். ஆக, இங்கே காட்சி நடக்கும் இடம் ஒரு குளிர்சாதன அறை, ஒரு கீபோர்டு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கைதி "கோவத்துல ஒரு போடு போட்டேன் சார்" என்கிறான். அடித்தேன் என்று எழுதுவதா, அதைவிடப் பெரிதாகவா? "அவனைப் போட்டுட்டேன்" என்றிருந்தால் அர்த்தமே கொலைக்குப் போயிருக்கும். டைப் செய்கிற விரல் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றால் போதும், எனக்கு மூச்சு நின்றுவிடும். பத்து நிமிட அடிதடியில் அது வராது.

பொங்கோல் வாசகர்: மருத்துவத் தப்புகள்?

ஏராளம். குளோரோபாரம் கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் யாரும் சாய்வதில்லை, சில நிமிடமாவது ஆகும். காய்ந்த ரத்தம் குங்குமச் சிவப்பில் இருக்காது, பழுப்பாகிவிடும். இதயத் துடிப்பு நேர்கோடாகிவிட்டால் மின் அதிர்ச்சி கொடுத்துப் பயனில்லை. ஆனாலும் இதையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன்.

ஜூரோங் வாசகர்: அப்படியானால் எதை மன்னிக்க மாட்டீர்கள்?

பார்ப்பவரை மக்கு என்று நினைப்பதை. ஒரு கையெழுத்துப் பிரதியில் தங்கை சொல்கிறாள்: "அண்ணா, நம்ம அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சு." எந்தத் தங்கை அண்ணனிடம் இப்படிப் பேசுவாள்? அவனுக்குத் தெரியாதா? அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் செருப்பு அலமாரி. அவள் பெருக்கும்போது தூசி படிந்த ஆண் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைக்கிறாள். "மக்களுக்குப் புரியுமா?" என்றார் தயாரிப்பாளர். மூன்றாம் வகுப்பு வரை படித்த என் அம்மா, ஒளிபரப்பில் அதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தபடி, "அப்பன் போயிட்டான் போல" என்றார்.

தகவலெல்லாம் சரியாக இருந்து ஆள் பொய்யாக இருந்தால், அந்தப் படத்தை எதுவும் காப்பாற்றாது.

செங்காங் வாசகி: ரத்தம் தெறித்தால்தான் ரியலிசம் என்கிறான் என் மகன்.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: பத்துப் பேரை அடித்த நாயகன் அடுத்த காட்சியில் புரோட்டாவை எப்படிப் பிய்க்கிறான்? விரல் முட்டி வீங்கியிருக்க வேண்டாமா?

ஈசூன் வாசகர்: குறும்படம் எடுக்கிறேன் அண்ணே, கைதுக் காட்சி. எங்கே ஆரம்பிப்பது?

கடிகாரத்திலிருந்து. கைதானவரை இந்தியாவில் 24 மணி நேரத்துக்குள், இங்கே 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் தனி. அப்புறம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஹேவ்லாக் ஸ்குவேர் அரசு நீதிமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் உட்காருங்கள். படம் பிடிக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது. வழக்கறிஞரைப் பார்ப்பதைவிட, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் குற்றம் சாட்டப்பட்டவரின் அம்மா கைப்பையை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள்.