பாண்டு நோயும் படியேறும் களைப்பும்

கேள்வி: இரத்தத்தை எடுத்துச் சோதிக்கும் வசதி இல்லாத காலத்தில், உடலில் இரத்தம் குறைந்திருப்பதை வைத்தியர்கள் எப்படி அறிந்தார்கள்? பழைய நூல்கள் சொல்லும் பாண்டு நோயும் இன்றைய இரத்தசோகையும் ஒன்றுதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நோயாளியைக் கூர்ந்து பார்த்தும், அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டும்தான் அறிந்தார்கள். கார்ல் ஃபியரோர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இரத்தச் சிவப்பணுக்களை எண்ணிக் காட்டியதே 1852-இல்தான். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சரகரின் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை தன் சிகிச்சைப் பகுதியின் பதினாறாம் அத்தியாயத்தைப் பாண்டு நோய்க்கும் அதைத் தொடர்ந்து வரக்கூடிய காமாலைக்கும் ஒதுக்கியிருக்கிறது.

நோய் முற்றுவதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும், தோல் வறளும், வியர்வை வராது, காரணமின்றிக் களைப்பு உண்டாகும் என்று சரகர் தொடங்குகிறார். பிறகு இரத்தமும் கொழுப்பும் குறைந்து உடல் சாரமற்றுப் போவதையும், காதில் இரைச்சல், தலைசுற்றல், மூச்சு வாங்கல், உணவில் வெறுப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், முடி உதிர்தல் ஆகியவற்றையும் வரிசையாகச் சொல்கிறார். அத்துடன் நிறுத்தாமல், நோயாளி எரிந்து விழுவார், குளிர்ச்சியை வெறுப்பார், எந்நேரமும் தூங்கி வழிவார், அதிகம் பேசமாட்டார், மேடேறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து இடுப்பும் தொடையும் வலிக்கும் என்றும் எழுதுகிறார். இன்றைய மருத்துவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தால் உடனே இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிவிடுவார்.

ஆயினும் இரண்டும் முற்றிலும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. பாண்டு என்பது நிறத்தை வைத்து வகுத்த நோய். உடல் வெளுப்பதோடு மஞ்சளிப்பதும் பச்சை படர்வதும் அதில் அடங்கும். அதனால் இன்று நாம் தனித்தனியாகப் பிரிக்கும் சில கல்லீரல் நோய்களும் அந்தப் பெயருக்குள் புகுந்திருக்கக்கூடும். காரணத்தைப் பித்தம் முதலிய தோஷங்களில் தேடினார்கள். மருந்தில் மட்டும் கை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது: ஒன்பது சரக்குகளோடு அவற்றுக்குச் சமமாக இரும்புப் பொடி சேர்க்கும் நவாயசச் சூரணமும், இரும்புக் கிட்டத்தால் (இரும்பை உருக்கும்போது ஒதுங்கும் கசடால்) செய்யும் மண்டூர வடகமும் அந்த அத்தியாயத்திலேயே இருக்கின்றன. சித்த மருத்துவர்கள் பாண்டுக்குக் கொடுக்கும் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் இரும்பு மருந்துகளே. இவற்றை மருத்துவரைக் கேட்காமல் வாங்கி உண்ண வேண்டாம்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1554-இல் வெளியான ஒரு கடிதத்தில் யோஹன்னஸ் லாங்கே என்ற மருத்துவர், முன்பு கன்னம் சிவந்திருந்த ஓர் இளம்பெண் இரத்தமே இல்லாதவள்போல் வெளுத்துவிட்டதையும், நடனமாடினாலோ படியேறினாலோ மூச்சு முட்டி நெஞ்சு துடிப்பதையும், இறைச்சியைக் கண்டாலே அவள் முகம் சுளிப்பதையும் விவரிக்கிறார். ஒருவரையொருவர் அறியாத இரு வைத்தியர்களும் ஏறும்போது வரும் களைப்பைத் தவறாமல் குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் லாங்கே சொன்ன பரிகாரம், பெண்ணுக்குச் சீக்கிரம் திருமணம் செய்து வையுங்கள் என்பது! இரும்புத் தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுக்கலாம் என்று இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் எழுத, அடுத்த நூற்றாண்டின் 1681 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: மண் தின்னும் குழந்தைக்குச் சோகை வரும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு, ஆனால் அதில் பாதிதான் சரி. சரகர் பிரித்த ஐந்து வகைப் பாண்டுகளில் ஐந்தாவது, மண் தின்பதால் வருவது. தின்ற மண் செரிக்காமல் உடலின் வழிகளை அடைக்கிறது என்று விளக்கும் அவர், அந்த நோயாளிக்குக் கன்னமும் புருவமும் பாதமும் வீங்கும், வயிற்றில் புழு இருக்கும், மலம் இரத்தமும் சளியுமாகப் போகும் என்கிறார். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு முற்றிய நிலையிலும் சோகையும் வீக்கமும் சேர்ந்தே வரும். அந்தப் புழுவின் இளம்பருவம் பெரும்பாலும் வெறுங்காலின் தோல் வழியாக உடலுக்குள் நுழைகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது. மேலும், இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கே மண், சாம்பல், பச்சரிசி போன்றவற்றின் மீது ஆசை எழுவதுண்டு; அப்போது மண் தின்பது சோகையின் விளைவாகவும் இருக்கலாம்.

பழக்கத்தை விட முடியாதவருக்குச் சரகர் சொல்லும் வழி சாமர்த்தியமானது. வேப்பிலை, வாய்விடங்கம், கடுகுரோகிணி போன்றவற்றின் சாற்றில் ஊறவைத்த மண்ணையே தின்னக் கொடுத்து, அதன் கசப்பால் மண்ணின் மீதே வெறுப்பு வரச் செய்ய வேண்டுமாம். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்த வைத்தியம் வேண்டாம். ஹீமோகுளோபின் அளவையும் மலத்தில் புழு முட்டை இருக்கிறதா என்பதையும் சோதித்து, மருத்துவர் தரும் பூச்சி மருந்தையும் இரும்புச்சத்து மருந்தையும் கொடுங்கள்.