நான்காவது மூலை ஏன் வாய் பிளக்கிறது

மர ஃபிரேமில் மூன்று மூலைகள் ஒட்டி, நான்காவது மட்டும் இடைவெளி விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மைட்டர் கேஜில் (மேசை ரம்பத்தில் வெட்டும் கோணத்தை அமைக்கும் கருவி) 45 டிகிரியைத் தேடி மெனக்கெட வேண்டாம். கால் டிகிரி பிசகினாலும் எட்டு வெட்டில் அது 2 டிகிரி ஆகிவிடும்.

ப்ளைவுட்டில் ஒரு ஸ்லெட் (மரத்துண்டைத் தாங்கிக்கொண்டு ரம்ப மேசைமேல் நகரும் பலகை) செய்து, இரண்டு தடுப்புக் கட்டைகளை ஒன்றுக்கொன்று மிகச் சரியாக 90 டிகிரியில் திருகுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு துண்டை இடது கட்டையிலும் மற்றதை வலது கட்டையிலும் வைத்து வெட்டினால், ஒன்று 44.8 ஆனாலும் மற்றது 45.2 ஆகி மூலை மூடிக்கொள்ளும்.

அப்புறம், எதிரெதிர்ப் பக்கங்களின் நீளம் மயிரிழை மாறினாலும் இதே கதைதான். அளவுக்கு ஒரு நிறுத்துக்கட்டை பொருத்தி வெட்டுங்கள். ஸ்லெட்டின் அடிப்பட்டை ரம்ப மேசையின் காடியில் ஆடுகிறதா? பக்கவாட்டில் செலோ டேப் ஒட்டியே நான் அந்த ஆட்டத்தை எடுத்தேன்.