லீக்ஸ் இலையில் வெள்ளைக் கோடு, நுனி காய்கிறது. இரண்டு முறை மருந்தடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்ததாகவும் சொல்கிறீர்கள். என்ன பூச்சி என்று யாரும் பார்த்ததாக எழுதவில்லை. இந்த இடத்தில்தான் காசும் போகிறது, பயிரும் போகிறது.

நாளைக் காலை நான்கைந்து செடிகளில் நடுக்குருத்தை விரித்து, இலை பிரியும் இடுக்கைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே உள்ள மெல்லிய பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளின்மேல் செடியைத் தட்டினாலும் விழும். இலையின் மேல்தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுவதால்தான் அந்த வெள்ளிக் கோடுகள். கூடவே மிளகுத்தூள் போலக் கறுப்பு எச்சமும் இருக்கும்.

இரண்டு முறை அடித்தும் ஏன் நிற்கவில்லை? முட்டை இலைத் தசைக்குள் இருக்கிறது, கூட்டுப்புழு மண்ணில் இருக்கிறது. மருந்து படுவது இலைமேல் இருக்கும் குஞ்சுக்கும் வளர்ந்த பேனுக்கும் மட்டும்தான். லீக்ஸ் இலையில் மெழுகுப் பூச்சும் உண்டு. வெறும் மருந்துத் தண்ணீர் உருண்டு நிலத்தில் விழுந்துவிடும். அதனால் ஒட்டும் திரவம் கலக்காமல் அடிக்கவே கூடாது. தெளிமுனையை மேலிருந்து வீசாமல் இடுக்கு நனையும்படி சாய்த்துப் பிடியுங்கள். பின்னேரம் காற்று அடங்கியதும், இருட்டுமுன் இலை காயும்படி அடியுங்கள். 7 நாள் இடைவெளியில் மூன்று முறை தேவைப்படும். மூன்றுக்கும் ஒரே மருந்து வேண்டாம். பெயர் வேறாக இருந்தால் போதாது, லேபிளில் உள்ள குழு இலக்கமும் (மருந்து பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்பதைக் காட்டும் எண்) வேறாக இருக்க வேண்டும். ஒரே குழுவைத் திரும்பத் திரும்ப அடித்தால் தப்பிப் பிழைத்த பேன்தான் பெருகும்.

பூச்சி குறைவாக இருந்தால் இரசாயனம் தேவையே இல்லை. 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, 5 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம் சேர்த்து அடிக்கலாம். 5 நாளுக்கு ஒருமுறை. இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் இலை பாதி வெளுத்த பிறகு இதை அடித்துவிட்டு வேம்பு வேலை செய்யவில்லை என்பது நியாயமில்லை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை குறையும் காலத்தில் பேன் கொழிக்கும். அப்போது காலையில் தெளிப்புக் குழாயால் நல்ல வேகத்தில் தண்ணீர் அடித்தாலே கணிசமாகக் கழுவிப் போகும். காலையில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாலையில் நனைந்த இலை விடியும்வரை காயாது, அது பங்கசுக்கு அழைப்பு.

அந்தப் பங்கசுதான் உங்கள் இரண்டாவது பிரச்சினையாக இருக்கும். பேன் சுரண்டிய காயம் வழியாக ஊதாப் புள்ளி நோய் உள்ளே போகிறது. முதலில் சின்ன வெள்ளைப் புள்ளி, பிறகு நடுவில் ஊதா, சுற்றி மஞ்சள் வளையம். கடைசியில் இலை அந்த இடத்தில் மடிந்து முறியும். மென்கோசெப் போன்ற பங்கசுநாசினிகள் புதுப் புள்ளி வராமல் காக்கும், வந்த புள்ளியை ஆற்றாது. அதனால் நோய் கண்ட இலைகளை முதலில் கிள்ளி, பாத்திக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு அடியுங்கள். பேனைக் கட்டுப்படுத்தாமல் பங்கசுநாசினி மட்டும் அடிப்பதில் பயனில்லை.

செம்மஞ்சள் தூள் விரலில் ஒட்டினால் அது துரு நோய். அதற்குப் பதற வேண்டாம். யூரியாவைக் குறைத்து, நெருக்கத்தைக் குறையுங்கள்.

பேனும் இல்லை, புள்ளியும் இல்லை, நுனி மட்டும் காய்கிறதா? ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். வேர் பழுப்பாகிக் கொழகொழத்தால் தண்ணீர் தேங்குகிறது, வாய்க்காலை ஆழமாக்குங்கள். வேரில் முடிச்சுகள் இருந்தால் வட்டப்புழு. அடியில் பஞ்சு போன்ற வெள்ளைப் பூஞ்சணமும் கடுகைவிடச் சிறிய கருமணிகளும் இருந்தால் அது வெள்ளையழுகல். குளிர்ந்த மண்ணில் பெருகும், பல வருடம் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும், அடித்துத் தீர்க்க மருந்து இல்லை. செடியைச் சுற்றுமண்ணோடு அள்ளி எடுத்து, செடியை எரித்துவிடுங்கள், அந்தப் பாத்தியில் லீக்ஸ், வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம், மண்வெட்டியையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.

வேர் வெள்ளையாக, ஆனால் குறைவாக இருந்தால் மண் புளித்திருக்கும், அதாவது அமிலம் கூடியிருக்கும். மலைநாட்டு மண்ணுக்கு இது வழக்கம். லீக்ஸுக்கு பீ.எச். 6க்கும் 6.8க்கும் இடையில் இருப்பது நல்லது. நடுவதற்கு மூன்று வாரம் முன்பே டொலமைட் (அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) போட்டுக் கொத்திக் கலக்க வேண்டும், அளவை மண் பரிசோதனை சொல்லட்டும். யூரியாவும் டொலமைட்டும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

பரிசோதனை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் நாலு பாத்தி வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடையாது. உறுதி இல்லையென்றால் விவசாயிகள் பட்டியலில் பெயர் ஏறுவது கஷ்டம், பெயர் இல்லையென்றால் மானிய உரமும் ஆலோசனையும் எட்டுவது கஷ்டம். கடைசியில் மருந்துக் கடைக்காரரே விவசாயப் போதனாசிரியர் ஆகிவிடுகிறார். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர, மருந்து இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்து, நவம்பரில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் வேம்பு எப்படிக் கலப்பது, கூட்டெரு எப்படிப் போடுவது என்று இந்த மக்களுக்கு வந்து சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்? கேள்விக்குத் தொடர்பில்லை என்பவர்கள் கடந்து போங்கள். எனக்குத் தொடர்பு தெரிகிறது.

அடுத்த நடவுக்கு: நாற்று பென்சில் தடிமன் வந்த பிறகு, 6 முதல் 8 வாரத்தில், 15 சென்றிமீற்றர் ஆழக் குழியில் நட்டுத் தண்ணீர் மட்டும் விடுங்கள், குழியை மூட வேண்டாம். மண் அணைப்பதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். இலை பிரியும் கவட்டுக்கு மேலே மண் ஏறினால் உள்ளே புகுந்து அழுகும். முற்றிய லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில், அதுவும் அதைக் கடந்து காற்று வந்து சேரும் பக்கத்தில், புது நாற்று வைக்காதீர்கள். பேன் அப்படியே இறங்கி வரும். கரட், கோவா, போஞ்சி என்று மாற்றி, மூன்று வருடம் கழித்து லீக்ஸுக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் லீக்ஸின் பச்சை இலையையும் சேர்த்துத்தான் வதக்கிச் சாப்பிடுகிறோம். மருந்து படுவதும் அந்த இலையில்தான். லேபிளில் அறுவடைக்கு முன் 14 நாள் என்று போட்டிருந்தால் 14 நாள் விட வேண்டும். சந்தையில் விலை ஏறியிருக்கிறது என்று 5 நாளில் பிடுங்காதீர்கள்.