புற்றுநோய் இல்லையென்றால் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. நுரையீரல் உறையிலிருந்து 12 செ.மீ. கட்டி ஒன்றை அறுவை சிகிச்சையில் முழுமையாக அகற்றினார்கள். பயாப்சி அறிக்கையில் ‘சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர்’ (தனித்த நார்த்திசுக் கட்டி) என்றும், நுண்ணோக்கியின் 10 புலங்களில் 2 செல் பிளவுகள் என்றும், வெட்டு விளிம்பில் கட்டி இல்லை என்றும் இருக்கிறது. புற்றுநோய் இல்லை, கீமோதெரபி வேண்டாம் என்று கூறும் மருத்துவர், பல ஆண்டுகளுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். இது முரணாக இல்லையா?

பதில்: ஸ்கேன் எடுக்கச் சொன்னது மிகச் சரி, ‘புற்றுநோய் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்ததுதான் சற்று அவசரம். இவ்வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை அகற்றியபின் திரும்புவதில்லை என்றாலும், நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரிந்த கட்டிகூட, பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே நெஞ்சுப் பகுதியில் மீண்டும் முளைத்ததும், அரிதாகக் கல்லீரல், எலும்பு வரை பரவியதும் உண்டு. எனவே, ‘தீங்கற்றது’, ‘தீங்கானது’ என்று இரண்டாகப் பிரிப்பதைவிட, பரவும் அபாயத்தை மதிப்பெண்ணிட்டுக் கணிப்பதே இப்போது பயனுள்ள முறையாக இருக்கிறது.

பலரும் பயன்படுத்தும் ஒரு கணக்கில், 55 வயதோ அதற்கு மேலோ என்றால் 1, கட்டி 10 முதல் 15 செ.மீ.க்குள் என்றால் 2, செல் பிளவு 1 முதல் 3 வரை என்றால் 1 என உங்கள் தாயாருக்கு 4 மதிப்பெண் வருகிறது. கட்டிக்குள் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ செல்கள் அழிந்திருந்தால் இன்னொன்று கூடி 5 ஆகும். இரண்டுமே நடுத்தர அபாயம்தான். அறிக்கையில் ‘ஸ்டாட்6’ சோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இக்கட்டியில் நாப்2, ஸ்டாட்6 என்ற இரு மரபணுக்கள் இணைந்துவிடுவது 2013இல் கண்டறியப்பட்டது. செல்லின் உட்கரு அச்சோதனையில் நிறமேறினால் நோய் இதுதான் என்பது ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

இந்நோய்க்கு முதன்மைச் சிகிச்சை, மிச்சமின்றி வெட்டி எடுப்பதே. மெல்லிய காம்பில் தொங்கும் கட்டியைவிட, அகன்ற அடியுடன் உறையில் ஒட்டி வளர்ந்த கட்டி திரும்பும் வாய்ப்பு அதிகம். எது என்பது அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவாகப் பெருகும் இச்செல்களிடம் கீமோதெரபி பெரிதாக எடுபடுவதில்லை. முழுமையாக அகற்றியபின் அதைக் கொடுப்பதால் நன்மை உண்டு என்பதற்கும் சான்றில்லை. மாறாக, திரும்பிய கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டால் மீண்டும் வெட்டி எடுக்க முடியும். ஸ்கேன் அதற்காகத்தான். சாதாரண எக்ஸ்ரே சிறு கட்டிகளைத் தவறவிடும் என்பதால் சி.டி. ஸ்கேனே நல்லது.

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு முன்பு, சர்க்கரை நோய் இல்லாத அவருக்கு, அதிகாலையில் சர்க்கரை இறங்கி இருமுறை மயக்கம் வந்தது. இதற்கும் கட்டிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. பெரிய கட்டிகள் சில, இன்சுலினைப் போல வேலை செய்யும் ஐ.ஜி.எஃப்-2 என்ற பொருளைச் சுரந்து இரத்தச் சர்க்கரையைக் குறைத்துவிடும். டோகி, பாட்டர் என்ற மருத்துவர்கள் 1930இல் தனித்தனியே விவரித்த இந்நிலை அரிதானது. கட்டியை எடுத்ததும் சரியாகிவிடும். அந்த மயக்கம் மறுபடி வந்தால், அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் சர்க்கரையைப் பரிசோதித்துவிட்டு உடனே அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.