அயனிக் கற்றையில் பிஎச்.டி.

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். அயனிக் கற்றைகளால் பொருள்களை ஆராயும் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தொலைதூரம் செல்லத்தான் வேண்டுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: வேண்டியதில்லை. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, மிகுவேகத்தில் கற்றையாகச் செலுத்தும் 1.7 மெகாவோல்ட் டான்டெட்ரான் முடுக்கி இருக்கிறது. அணு உலைக்குள் நியூட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் எஃகில் ஏற்படுத்தும் சேதத்தை, அயனிகளைப் பாய்ச்சிச் சில மணி நேரத்திலோ நாள்களிலோ உருவாக்கி, நுண்வெற்றிடங்கள் பெருகி உலோகம் எவ்வாறு வீங்குகிறது என்பதை இத்தகைய முடுக்கிகளின் உதவியால் ஆராயலாம். அச்சேதம் மேற்பரப்பிலிருந்து ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதை அளப்பது பொறுமையைச் சோதிக்கும். என்னைக் கேட்டால், ஆய்வின் சுவையே அங்குதான் இருக்கிறது. அம்மையத்தில் செய்யும் ஆய்வுக்கு ஹோமி பாபா தேசிய நிறுவனம் பட்டம் வழங்குகிறது. ஆய்வில் சேர்வதற்கான ஜெஸ்ட் (JEST), கேட் (GATE) தகுதித் தேர்வுகளுக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், நெறியாளர் வழியாக விண்ணப்பித்துப் புதுடெல்லி பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்தின் பெல்லட்ரான் முடுக்கியில் கற்றை நேரம் (கற்றையைப் பயன்படுத்த ஒதுக்கப்படும் நேரம்) பெறலாம்.