வெள்ளைக் கோடு விழுகிறதா?

கேள்வி: இங்க் டேங்க் பிரிண்டரை இரண்டு மாதம் தொடவில்லை. இப்போது மகளின் ப்ராஜெக்ட் படத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள், மஞ்சள் சரியாக வரவில்லை. இங்க் பாதிக்கு மேல் இருக்கிறதே?

பதில்: இங்க் இருந்தாலும், அதைத் தாளில் தெளிக்கும் ஹெட்டில் காய்ந்திருக்கும், அதில் இருப்பவை தலைமுடியைவிட மெல்லிய துளைகள், சும்மா கிடந்தால் அடைத்துக்கொள்ளும். முதலில் நாஸில் செக் (இந்தத் துளைகளைச் சோதிக்கும் பக்கம்) அச்சிட்டு, மஞ்சள் வரிகள் எங்காவது அறுந்திருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைத் தாளில் அது லேசில் தெரியாது. அறுந்திருந்தால் பிரிண்டரிலேயே உள்ள ஹெட் கிளீனிங் கொடுங்கள், இரண்டு மூன்று முறை போதும். பத்து முறை அழுத்தாதீர்கள், ஒவ்வொரு தடவையும் நல்ல இங்க் வீணாகி உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. சரியாகவில்லையா, பட்டனில் அணைத்து 12 மணி நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள். அப்புறம் வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள்.